சாரதி இல்லாத காரும் பாதியில் நின்ற அறிக்கையும்

2025 டிசம்பர் 20ஆம் திகதி அமெரிக்காவின் சன் பிரான்சிஸ்கோ நகரில் பெரும் மின்தடை ஏற்பட்டது. சுமார் 130,000 பாவனையாளர்களுக்கு மின்சாரம் இல்லாமற் போனது. வீதிச் சமிக்ஞை விளக்குகளும் அணைந்தன. மனிதர்கள் ஓட்டிய வாகனங்கள் தயங்கித் தயங்கி, ஒருவருக்கொருவர் வழிவிட்டு நகர்ந்தன. வேமோ நிறுவனத்தின் சாரதியற்ற வாடகைக் கார்கள் பல, சந்திகளிலேயே நின்றுவிட்டன.

விளக்கு அணைந்தால் என்ன செய்வதென்று அந்தக் கார்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது. எல்லாப் பக்க வாகனங்களும் நின்று செல்லவேண்டிய சந்தியாக அதைக் கருதவேண்டும். ஆயினும் சில வேளைகளில் அவை, தொலைவில் இருக்கும் மனிதப் பணியாளரிடம் ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளும். ஒன்றிரண்டு விளக்குகள் பழுதானால் இது போதும். அன்று ஒரே நேரத்தில் கேள்விகள் குவிந்ததால் பதில்கள் தாமதமாகின. சாரதி இல்லை என்று விளம்பரப்படுத்தப்படும் காருக்குப் பின்னால் எங்கோ ஒரு மனிதர் இருக்கிறார் என்பதைப் பலர் அன்றுதான் அறிந்திருப்பார்கள்.

இந்தக் கார்களை இடறவைப்பவை பெரிய அதிசயங்கள் அல்ல. 2023 ஓகஸ்டில் குரூஸ் நிறுவனத்தின் கார் ஒன்று அதே நகரில் காயாத கொங்கிறீட்டுக்குள் போய்ப் புதைந்தது. அந்த டிசம்பரில் பீனிக்ஸ் நகரில், கோணலாகக் கட்டி இழுத்துச் செல்லப்பட்ட ஒரு பிக்கப் வாகனத்தை வேமோ கார் மோதியது. சில நிமிடங்களில் இன்னொரு வேமோ காரும் அதே வாகனத்தை மோதியது. முன்பக்கம் ஒரு திசையைப் பார்க்க, வண்டி வேறு திசையில் நகர்ந்ததை மென்பொருளால் கணிக்க முடியவில்லை. தீயணைப்பு வீரர்கள் கட்டிய தடுப்பு நாடாக்களையும் தண்ணீர்க் குழாய்களையும் சாரதியற்ற கார்கள் மதிக்கவில்லை என்று சன் பிரான்சிஸ்கோ தீயணைப்புத் துறையும் முறையிட்டது.

இவற்றையெல்லாம் திருத்திவிடலாம், திருத்தியும் வருகிறார்கள். என்னை உறுத்துவது வேறு இரண்டு சம்பவங்கள்.

2018 மார்ச் 18 இரவு, அரிசோனா மாநிலத்தின் ரெம்பி நகரில் ஒரு பெண் சைக்கிளை உருட்டியபடி வீதியைக் கடந்தார். ஊபரின் பரிசோதனைக் கார் மோதி அவர் உயிரிழந்தார். மோதுவதற்கு 5.6 செக்கன்களுக்கு முன்பே கார் அவரைக் கண்டுகொண்டது என்பதை தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் விசாரணை வெளிப்படுத்தியது. முதலில் வாகனம் என்றது, பிறகு இனந்தெரியாத பொருள் என்றது, சைக்கிள் என்றது. பெயர் மாறிய ஒவ்வொரு தடவையும் அவர் அதுவரை நகர்ந்து வந்த பாதையை மறந்தது. பாதசாரிக் கடவைக்கு வெளியேயும் மனிதர் நடப்பார் என்ற எண்ணமே அந்த மென்பொருளுக்குள் இருக்கவில்லை. காருக்குள் இருந்து கவனிக்கவேண்டிய பெண் ஊழியர் கவனிக்கவில்லை. அவருக்கு 2023இல் மூன்று ஆண்டு நன்னடத்தைத் தண்டனை கிடைத்தது. நிறுவனத்தின் மீது குற்ற வழக்குத் தொடர அடிப்படை இல்லை என்று அரச வழக்கறிஞர் 2019இலேயே கூறிவிட்டார்.

இரண்டாவது சம்பவம் 2023 ஒக்டோபர் 2, சன் பிரான்சிஸ்கோ. மனிதர் ஓட்டிய கார் ஒன்று ஒரு பெண்ணை மோதிவிட்டுத் தப்பியோடியது. தூக்கி வீசப்பட்ட அவர் குரூஸ் காரின் முன்னால் விழுந்தார். அது பிரேக் பிடித்தும் மோதி, நின்றது. பிறகு, பக்கவாட்டில் ஏதோ இடித்துவிட்டதாகத் தவறாகக் கணித்து, வீதியோரம் ஒதுங்கப் புறப்பட்டது. பெண் காரின் அடியில் இருந்தார். சுமார் 20 அடி தூரம் இழுபட்டார். படுகாயங்களோடு உயிர் பிழைத்தார்.

நிறுவனம் தேசிய வீதிப் பாதுகாப்பு நிர்வாகத்துக்குக் கொடுத்த அறிக்கையில் மோதல் இருந்தது. இழுத்துச் சென்றது இல்லை. அதிகாரிகளுக்கு முழு வீடியோவையும் காட்ட முயன்றதாகவும், இணைய இணைப்புக் கோளாறால் அது சரியாக ஓடவில்லை என்றும் பின்னர் தெரியவந்தது. வாயால் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. முழுமையில்லாத அறிக்கைகளை வாசித்தே பழகிய எங்களுக்கு இது புரியாத விடயமல்ல.

வித்தியாசம், அங்கு நடவடிக்கை வந்தது. ஒக்டோபர் 24இல் கலிபோர்னியா மோட்டார் வாகனத் திணைக்களம் அனுமதியை நிறுத்தியது. நவம்பரில் நிறுவனத்தின் தலைவர் பதவி விலகினார். 2024இல் பொய்யான அறிக்கை கொடுத்ததை ஒப்புக்கொண்டு 500,000 டொலர் அபராதம் செலுத்த நிறுவனம் இணங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் உரிமையாளரான ஜெனரல் மோட்டர்ஸ், வாடகைக் கார்த் திட்டத்துக்கான நிதியையே நிறுத்திக்கொண்டது. அந்த மோதல் மட்டும் அந்நிறுவனத்தை வீழ்த்தியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இந்தக் கார்களை முற்றாக ஒதுக்கிவிடவும் முடியாது. அவை குடித்துவிட்டு ஓட்டுவதில்லை, தூங்கி விழுவதில்லை. காயம் ஏற்படுத்தும் விபத்துகள் மனிதச் சாரதிகளைவிட மிகக் குறைவு என்று வேமோவின் ஆய்வாளர்கள் தரவுகளுடன் எழுதுகிறார்கள். சொந்த நிறுவனத்தின் கணக்கு என்பதை மனதில் வைத்து வாசித்தாலும் அது புறக்கணிக்கத்தக்கதல்ல. அன்று முதலில் மோதிவிட்டு ஓடியதும் ஒரு மனிதர்தான்.

ஆனால் மனிதர் பிடிபட்டால் குற்றப்பத்திரம் யாருக்கு என்பதில் குழப்பமில்லை. 2025 செப்டெம்பரில், சான் புரூனோ நகரில் சட்டவிரோதமாக யூ வடிவில் திரும்பிய வேமோ காரைப் பொலிஸார் மறித்தார்கள். உள்ளே யாரும் இல்லை. தண்டச் சீட்டை யார் பெயரில் எழுதுவது? நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு காரைப் போகவிட்டார்கள். கலிபோர்னியாவில் 2024இல் கையெழுத்தான ஒரு சட்டம், 2026 யூலை முதல் இப்படியான வேளைகளில் பொலிஸார் நிறுவனத்துக்கே மீறல் அறிவித்தல் கொடுக்க இடமளிக்கிறது. தண்டச் சீட்டு அல்ல, அறிவித்தல்.