கிழப்பருவத்துக்கு வேண்டியது தீர்த்தமா? தண்ணீரா?

இராமநாதபுரம் ஜில்லா கடலாடி தாலுகாவில், சாயல்குடிக்கு அருகே, மாரியூர் என்னும் கடற்கரைக் கிராமம் இருக்கின்றது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பனை. பூவேந்தியநாதர் என்னும் பெயரால் ஒரு சிவன் கோயில். அமாவாசை வந்தால் வெளியூர் ஜனங்கள் வந்து கடலில் முழுகி, செத்துப்போன தகப்பனுக்கும் பாட்டனுக்கும் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டுப் போகின்றார்கள்.

அப்படிப்பட்ட ஒரு அமாவாசையன்று நாமும் அங்கு போயிருந்தோம். முழுகுவதற்காக அல்ல, அந்தப் பக்கத்துத் தோழர்களைப் பார்ப்பதற்காக. மதுரையிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், நம்மை இன்னாரென்று தெரிந்துகொண்டு கையில் ஒரு நோட்டீசுடன் வந்தார். "கடற்கரையோரம், கோயிலுக்கு நடந்து போகும் தூரம், முதியோருக்கென்றே தனிக் குடியிருப்பு, சுத்த சைவச் சமையல், நித்திய பூஜை" என்று அதில் அச்சடித்திருந்தது. விலை மாத்திரம் அச்சடிக்கப்படவில்லை. அதை நேரில்தான் கேட்க வேண்டுமாம்!

"ஐயா, பிள்ளைகள் வெளிநாட்டிலே இருக்கிறார்கள். எனக்கும் வீட்டம்மாளுக்கும் கடைசிக் காலத்துக்கு ஒரு இடம் வேண்டும். காற்றும் நன்றாயிருக்கிறது, புண்ணிய பூமியாகவும் இருக்கிறது. வாங்கலாமா?" என்று கேட்டார்.

நாம் திருப்பி மூன்று கேள்விகள் கேட்டோம். குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இரவு 2 மணிக்கு மார்பு வலித்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு, எத்தனை நேரத்தில் போய்ச் சேரலாம்? பிடிக்காமல் போனால் கொடுத்த பணத்தை யார் திருப்பித் தருவார்? மூன்றுக்கும் பெரியவரிடம் பதில் இல்லை. கோயில் நடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது மாத்திரம் நன்றாகத் தெரிந்திருந்தது.

அவரைப் பரிகசிப்பதற்காக இதை எழுதவில்லை. நம் மக்களில் பெரும்பாலோர் நிலை இதுதான். ஒரு உழவு மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கின்றான், சுழி பார்க்கின்றான், நடக்கவிட்டுப் பார்க்கின்றான். நாற்பது வருஷம் உழைத்துச் சேர்த்த பணத்தைப் போட்டுக் கடைசிக் காலத்துக்கு இடம் வாங்குகிறவனோ ஒன்றையும் பார்ப்பதில்லை. ஸ்தல புராணத்தை மாத்திரம் பார்க்கின்றான். ஏன்? வாழ்வதற்கு ஊர் தேடுவதாக அவன் நினைப்பதில்லை. சாவதற்கு ஊர் தேடுவதாக நினைக்கின்றான்!

இந்தப் புத்தி இன்று நேற்று வந்ததல்ல. காசியில் செத்தால் மோக்ஷம் என்று சொல்லி, அதற்கென்றே விடுதியும் வைத்திருக்கின்றார்கள். அங்கு நடந்து வரும் முக்தி பவன் என்னும் விடுதியில், சாகப் போகிறவர்களுக்குச் சாதாரணமாக இரண்டு வாரம்தான் தவணை. அதற்குள் உயிர் போகாவிட்டால் இடத்தைக் காலி செய்துகொடுக்க வேண்டும். மோக்ஷத்துக்கே தவணை என்றால், இதை வியாபாரம் என்பதா, பக்தி என்பதா? வடக்கே காசி என்றால் தெற்கே இராமேஸ்வரம். அங்கே 22 தீர்த்தங்கள். வாளி வாளியாகத் தலையில் கொட்டிக்கொண்ட கிழவரின் பாவம் போயிற்றா என்பதை யாரும் கண்டதில்லை. நனைந்த கல்லில் கால் வழுக்கினால் இடுப்பெலும்பு என்னவாகும் என்பதை எந்த வைத்தியரும் சொல்வார்.

நிற்க. ஓய்வு என்பதைச் சாஸ்திரம் நமக்குக் கொடுத்ததாக நினைப்பவர்கள் மனுவைப் பிரித்துப் பார்க்கட்டும். தலை நரைத்து, தோல் சுருங்கி, பேரனைக் கண்டபின் வனத்துக்குப் போகலாம் என்று அதில் எழுதியிருப்பது துவிஜர்களுக்குத்தான். சூத்திரனுக்கு எழுதியிருப்பது மேல்ஜாதியாருக்கு ஊழியம் செய்வது ஒன்றே. அதற்கு வயது வரம்பு கிடையாது. அதாவது சாஸ்திரப்படி நமக்கு ரிட்டையர் ஆகிற பாத்தியதையே இல்லை! உழைத்தவனுக்குக் கிழ வயதில் பணம் கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை ரிஷியும் முனிவரும் செய்யவில்லை. ஜெர்மனியில் 1889-இல் பிஸ்மார்க் காலத்தில் சட்டம் செய்து, 70 வயதான தொழிலாளிக்குப் பென்ஷன் என்றார்கள். நம் நாட்டில் 1962-இல் சென்னை சர்க்கார் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் என்று ஆரம்பித்தது. அது 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. போதுமா, போதாதா என்பது வேறு விஷயம். கொடுத்தது சட்டமே தவிர, சாமி அல்ல.

ஆகவே கடைசிக் காலத்துக்கு ஊர் தேடுவோர் எதைப் பார்க்க வேண்டும் என்பதை வெளிப்படையாகச் சொல்லுகிறோம்.

முதலாவது தண்ணீர். உத்தியோகஸ்தர்களைத் தண்டிப்பதற்கு இராமநாதபுரத்துக்கு மாற்றுவார்கள் என்று பேச்சு வந்ததே தண்ணீரில்லாத காரணத்தால்தான். கடலோரக் கிணறுகளில் பெரும்பாலும் உப்பு. காவிரித் தண்ணீரைத் திருச்சிப் பக்கத்திலிருந்து குழாயில் கொண்டுவந்துதான் இந்த ஜில்லாவின் தாகத்தைத் தணிக்க வேண்டியிருக்கின்றது. வயதானவர்களுக்குத் தாக உணர்ச்சியே குறைந்துபோகும். தாகமில்லை என்று குடிக்காமலிருந்தே கோடையில் மயங்கி விழுவார்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் குழாய் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்பதைவிடத் தீர்த்தத்தின் மகிமை பெரிதா?

இரண்டாவது வைத்தியம். மூளையில் இரத்தம் கட்டிக் கை கால் விழுந்தால், கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இராமநாதபுரத்தில் 2022 முதல் சர்க்கார் வைத்தியக் கல்லூரி இருக்கின்றது. மாரியூரிலிருந்து அங்கு போய்ச்சேர ஒரு மணி நேரமாவது ஆகும். 108 வண்டி வந்து சேரும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை வியாதிக்கும் வீட்டுக்கே மருந்து கொண்டுவரும் ஏற்பாட்டைத் தமிழ்நாட்டு சர்க்கார் 2021 ஆகஸ்டில் ஆரம்பித்தது. போகப் போகிற ஊருக்கு அந்த ஊழியர் ஒழுங்காக வருகிறாரா என்று அங்குள்ள கிழவிகளைக் கேளுங்கள். நோட்டீஸ் அடித்தவனைக் கேட்க வேண்டாம்.

மூன்றாவது இடத்தின் பாதுகாப்பு. 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி ஒரே இரவில் அழிந்தது. சேது ஸ்நானத்துக்குப் பேர்போன இடம் அது. புண்ணியம் அலையைத் தடுக்கவில்லை. கடலைப் பார்த்த வீடு கண்ணுக்கு அழகுதான். மேடா பள்ளமா, புயலில் ஓடுவதற்குப் பாதை உண்டா என்று பார்ப்பதே புத்தி.

நான்காவது பணம். ஒரு பேச்சுக்கு வீட்டின் விலை 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதே பணத்தை 100-க்கு 7 வட்டியில் போட்டால் வருஷத்துக்கு 2,80,000, அதாவது மாதம் ஏறக்குறைய 23,000 ரூபாய் வரும். ஆகவே "சொந்த வீடு, வாடகையில்லை" என்பது வெறும் பசப்பு. மாதாமாதம் 23,000 ரூபாய் வாடகை கொடுத்துக்கொண்டு, அதற்கு மேல் சாப்பாட்டுக்கும் பராமரிப்புக்கும் தனியே கொடுக்கிறீர்கள் என்பதே அர்த்தம். பத்து வருஷத்துக்குப் பின் அந்தச் சமையற்கட்டை யார் நடத்துவார்? விற்க வேண்டுமானால் யாருக்கு விற்கலாம்? எழுத்தில் கேளுங்கள். வாங்குவதற்கு முன் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் வாடகைக்கு இருந்து பாருங்கள். இதற்குச் சம்மதியாதவனிடம் ஒரு காசும் கொடாதீர்கள்.

இன்னொன்று. பத்திரம் புருஷன் பெண்சாதி இருவர் பேரிலும் இருக்கட்டும். ஆண்பிள்ளைக்கு 60 வயதில் ஓய்வு என்கிறோமே, அந்த அம்மாளுக்கு அடுப்பிலிருந்து ஓய்வு எந்த வயதில்? பொதுச் சமையல் உள்ள இடம் நல்லது என்று நாம் சொல்வதே முக்கியமாக அவளுக்காகத்தான். அவளைக் கேளாமல் ஊரைத் தீர்மானிப்பது யோக்கியமல்ல.

பிள்ளைக்குச் சொத்தை எழுதிவிட்டு வெளியேறும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு இருக்கின்றது. "என்னைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைத் தானப் பத்திரத்திலேயே எழுதிவைத்தால், பராமரிக்காத பிள்ளையிடமிருந்து அதை ரத்து செய்து வாங்கலாம். சோறு போடாத பிள்ளைமீது கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால், மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் உத்தரவாக இடமுண்டு. கோயில் உண்டியலில் போடும் முடிச்சைவிட இந்த மனு வலுவுள்ளது.

இனி நோட்டீசில் கண்ட "சுத்த சைவ" சங்கதிக்கு வருவோம். தாமாக மரக்கறி உண்பவரை நாம் ஒரு குறையும் சொல்லவில்லை. அது அவரவர் வாய், அவரவர் வயிறு. ஆனால் கடற்கரையில் வீடு கட்டி, கடற்காற்றுக்குக் காசு வாங்கி, மீன் சமைக்கக் கூடாது என்பது என்ன நியாயம்? கிழ வயதில் சதை கரைகிறது, புரதம் வேண்டும் என்கிறார் வைத்தியர். சாளை மீனைப்போல மலிவாகவும் நல்லதாகவும் அதைக் கொடுப்பது எது? உப்பளத்துக்குப் பக்கத்தில் இருந்தாலும் நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. தேக நலம்தான் நோக்கமானால் ஊறுகாய், அப்பளத்தையல்லவா முதலில் விலக்க வேண்டும்? ஆனால் விலக்குவது மீனை. காரணம் உணவல்ல, மனிதன். மீன் தின்னாத இடத்துக்கு மீன் தின்கிறவன் வரமாட்டான். ஜாதியை வெளிப்படையாகக் கேட்டால் சட்டம் பிடிக்கும். சட்டியைக் கேட்டால் பிடிக்காது. பழைய அக்கிரகாரத்துக்குப் புதிய பெயர்ப்பலகை என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன அர்த்தம்?

புண்ணிய ஸ்தலத்தில் விட்டால் தானே சுகமாகிவிடும் என்ற நம்பிக்கை எந்த மதத்தில் இருந்தாலும் அதன் பலன் ஒன்றுதான். இதே ஜில்லாவில் ஏர்வாடி இருக்கின்றது. தர்காவின் சக்தியால் புத்தி தெளியும் என்று நம்பி, மனநோயுள்ளவர்களைக் குடும்பத்தார் அங்குள்ள விடுதிகளில் விட்டுச் சென்றார்கள். 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி விடியுமுன் ஒரு விடுதியில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். விட்டுச் சென்றவர்கள் கொடியவர்களா? பெரும்பாலோர் ஏழைகள், நம்பியவர்கள். சாமி பார்த்துக்கொள்ளும் என்றிருந்த இடத்தில் மனிதன் பார்க்கவில்லை. முதியோர் விடுதி தேடும் ஒவ்வொருவரும் இதை மறக்கக்கூடாது. யார் சோதிக்கிறார்கள், எப்போது சோதித்தார்கள், இரவில் யார் விழித்திருக்கிறார்கள் என்பதைக் கேட்காமல் தாயையும் தகப்பனையும் எங்கும் விடாதீர்கள்.

இதுவரை சொன்னது பணமுள்ளவருக்கு. பணமில்லாதவர் கதி என்ன? திருவிளையாடலில் சிவன் வலை வீசிச் சுறாவைப் பிடித்தானாம். அதை மாரியூர்ச் சித்திரைத் திருவிழாவில் நடித்துக் காட்டுகின்றார்கள். வருஷத்தில் ஒருநாள் வலை வீசும் சாமிக்குக் கல்யாணமும் விருந்தும். வருஷமெல்லாம் வலை வீசும் மனிதனுக்கு, கை நடுங்கி வலை பிடிக்க முடியாதபோது என்ன இருக்கின்றது? மாரியூர், வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களில் வெயிலில் கண் கூசி, காலில் புண்ணாகி உழைத்தவளுக்கு எந்தக் கடற்கரைக் குடியிருப்பு காத்திருக்கின்றது?

மேலே சொன்ன 2007-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, ஆதரவற்ற முதியோர் குறைந்தது 150 பேர் தங்கும் விடுதிகளை, ஜில்லாவுக்கு ஒன்றாவது என்று தொடங்கி, சர்க்கார் "ஏற்படுத்தலாம்" என்கிறது. "ஏற்படுத்த வேண்டும்" என்று சொல்லவில்லை. அந்த "லாம்" என்ற இரண்டெழுத்தில்தான் ஏழைக் கிழவனின் உயிர் தொங்குகின்றது. கோயில் கும்பாபிஷேகத்துக்கு வசூல் செய்யும் ஊரார், இந்த இரண்டெழுத்தை மாற்ற ஒருநாளாவது கூட்டம் போட்டார்களா என்று கேட்கின்றோம்.

மதுரைப் பெரியவருக்கு நாம் கடைசியாகச் சொன்னது இதுதான்: "ஐயா, மாரியூர்க் காற்று நல்ல காற்று. இங்குள்ள மக்கள் நல்ல மக்கள். தண்ணீரும், வைத்தியரும், பாதையும், மீன்காரனோடு சமமாய் உட்காரும் மனமும் இருக்குமானால் தாராளமாக வாருங்கள். இல்லாவிட்டால் மதுரையிலேயே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சிறு வீடாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே கடல் இல்லாவிட்டாலும் உயிர் இருக்கும்."

பெரியவர் நோட்டீசை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், கிழித்தெறியவில்லை. ஆனால் அன்று மாலை, குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்களிடம் போய், "அம்மா, இங்கே தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும்?" என்று கேட்டுக்கொண்டிருந்ததை நாம் பார்த்தோம். அந்தக் கேள்வியைக் கேட்க ஒவ்வொரு கிழவரும் கிழவியும் கற்றுக்கொள்ள வேண்டும். வாலிபர்களோ அதற்குப் பதில் சொல்லும்படி சர்க்காரைக் கட்டாயப்படுத்த வேண்டும்.