சூட்சுமம் சக்கரத்தில் இருக்கட்டும், சொல்லில் வேண்டாம்

இயந்திரத் திறன் தேர்வு வினாக்கள் குறித்து எங்கள் நிலைப்பாடு

கேரளத்தின் சாந்தன்பாறை வட்டாரத்தில் ஏலத்தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ரயில்வே உதவி லோகோ பைலட் வேலைக்கும் அதுபோன்ற தொழில்நுட்பப் பணிகளுக்கும் படிக்கிறார்கள். மாலையில் கூடும் எங்கள் படிப்பு வட்டத்தில் அதிகம் வாதம் நடப்பது கப்பி, நெம்புகோல், பற்சக்கரம், பெல்ட் பற்றிய வினாக்களில்தான். இவை கடினமாக இருப்பதில் எங்களுக்கு மறுப்பு இல்லை. அந்தக் கடினம் இயந்திரத்தைப் புரிந்துகொள்வதில் இருக்க வேண்டும். வினாவின் சொல் குழப்பி ஒருவரும் மதிப்பெண் இழக்கக் கூடாது.

ஒரு பயிற்சி வினா: ஒரே தண்டில் 12 அங்குலச் சக்கரம் ஒன்றும் 6 அங்குலச் சக்கரம் ஒன்றும் பொருத்தப்பட்டுள்ளன. எது வேகமாகச் சுற்றும்? ‘இரண்டும் ஒன்றே’ என்றது விடைக்குறிப்பு. ‘பெரியது’ என்று குறித்த பிள்ளை விடவில்லை. இரண்டு விளிம்பிலும் சாக்பீஸால் கோடு போட்டுத் தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தோம். இரண்டு கோடும் ஒரே நேரத்தில் மேலே வந்தன. ஆனால் ஒரு சுற்றில் பெரிய சக்கரத்தின் கோடு கடந்த தூரம் சிறியதைப்போல் இரண்டு மடங்கு. சுற்றுகளை எண்ணினால் விடைக்குறிப்பு சரி. விளிம்பின் வேகத்தைப் பார்த்தால் அந்தப் பிள்ளை சொன்னது சரி. ‘நிமிடத்துக்கு எத்தனை சுற்று’ என்று கேட்டிருந்தால் வாதமே எழுந்திருக்காது.

இதே இரண்டு சக்கரங்களையும் தனித்தனித் தண்டில் மாட்டி, பெல்ட்டை எட்டுப் போல் குறுக்கே போட்டுப் படம் வரைந்து, ‘ஒன்று சுற்றினால் மற்றது எந்தத் திசையில் சுற்றும்?’ என்று கேட்கட்டும். அவசரப்படுபவர் தவறுவார், படத்தை உற்றுப் பார்ப்பவர் எதிர்த்திசை என்பார். அது நேர்மையான சூட்சும வினா. அத்தகைய வினாக்களை வரவேற்கிறோம்.

ஆனால் தமிழில் தேர்வு எழுதுபவருக்கு, வினாவின் சொல் குழப்பும் சிக்கல் இரட்டிப்பாகிறது. 2018 நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 180 வினாக்களில் 49 வினாக்களின் மொழிபெயர்ப்பு பிழை என்று வழக்குப் போனது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்க உத்தரவிட்டது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. தேர்வு முடிந்தபின் கருணை மதிப்பெண் தேடுவது யாருக்கும் முழு நியாயம் தராது என்பதே நாங்கள் அதில் கற்ற பாடம். பிழை அச்சேறும் முன்பே பிடிபட வேண்டும்.

அதற்கான வழியை உச்ச நீதிமன்றம் 1983லேயே கான்பூர் பல்கலைக்கழக வழக்கில் சொல்லிவிட்டது. மொழி மட்டும் தெரிந்தவர் மொழிபெயர்த்தால் போதாது, அறிவியல் கலைச்சொல்லின் பொருளும் தெரிந்தவராக இருக்க வேண்டும். இரு பொருள் தரும் வினாக்களைக் கேட்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் அறிவுரை. ஆனால் ரயில்வே தேர்வு அறிவிப்புகளில், மொழிகளுக்கிடையே வேறுபாடு வந்தால் ஆங்கில வடிவமே செல்லும் என்ற விதி இன்னும் இருக்கிறது. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணும் குறைகிறது. மொழிபெயர்த்தவர் செய்த பிழைக்குத் தேர்வர் தண்டனை அனுபவிப்பதை நாங்கள் ஏற்கவில்லை.

எனவே தேர்வு வாரியங்களையும் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தையும் கேட்டுக்கொள்கிறோம்:

1. தொழில்நுட்ப வினாக்களின் தமிழ் வடிவத்தை அந்தத் தொழில் தெரிந்த ஒருவர் படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும்.

2. பட்டறையில் புழங்கும் சொல்லையும் பாடநூல் சொல்லையும் சேர்த்தே அச்சிட வேண்டும். ‘பற்சக்கரம்’ என்ற இடத்தில் ‘கியர்’ என்பதும் இருக்கட்டும்.

3. தமிழ் வடிவம் பிழை என்று உறுதியானால் ‘ஆங்கிலமே செல்லும்’ என்ற விதியைக் காட்டி மறுக்காமல், அந்த வினாவைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும்.

4. விடைக்குறிப்பு மீதான ஆட்சேபம் சரியென்றால் அதற்குக் கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தரும் ரயில்வே முறையை, ஆட்சேபத்துக்குக் கட்டணம் வாங்கும் எல்லாத் தேர்வுகளிலும் கொண்டுவர வேண்டும். ஆட்சேபத்தை ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தை எழுதி வெளியிட வேண்டும்.

எங்கள் பங்குக்கும் ஒரு பொறுப்பு உண்டு. விடைக்குறிப்பு தவறு என்று தெளிவாகக் காட்டப்படும்வரை அது சரியென்றே கொள்ளப்படும் என்பது நீதிமன்றங்களின் நிலை. ஆகவே மதிப்பெண் போன கோபத்தில் ஆட்சேபம் அனுப்ப மாட்டோம். படம் வரைந்து, பாடநூல் பக்கத்தைக் காட்டி, முடிந்தால் பொருளையே இயக்கிப் பார்த்த பிறகுதான் அனுப்புவோம். எங்கள் வகுப்பில் விடையை மனப்பாடம் செய்ய வைப்பதில்லை. காரணம் சொன்ன பிறகே அடுத்த வினாவுக்குப் போகிறோம்.

தேர்வு எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். தற்காலிக விடைக்குறிப்பு வந்தபின் ஆட்சேபம் தெரிவிக்கக் கிடைப்பது சில நாட்கள்தான். சந்தேகம் வந்த வினாவை அன்றே படத்தோடு எழுதி எடுத்து வாருங்கள். சேர்ந்து சுற்றிப் பார்ப்போம். நீங்கள் சொல்வது சரியென்றால் ஆட்சேபத்தைச் சேர்ந்தே எழுதி அனுப்புவோம்.