வில்லன் இல்லாத கிராமம்

மே மாத வெயிலில் ஒரு மூன்று சக்கர சரக்கு வண்டி தட்டுமுட்டுச் சாமான்களைச் சுமந்துகொண்டு வயல்களுக்கு நடுவே ஆடி அசைந்து வருகிறது. சாமான்களுக்கு இடையே ஒண்டிக்கொண்டு இரண்டு சிறுமிகள் மிட்டாய் தின்கிறார்கள். வந்து சேர்ந்த வீடு பாழடைந்து கிடக்கிறது. வாசல் தூணைப் பிடித்து ஆட்டினால் மேலே கூரை ஆடுகிறது. யாரும் முகம் சுளிக்கவில்லை. வீடு இடிந்து விழப்போகிறது என்பதே அந்தக் குழந்தைகளுக்குப் பெரிய வேடிக்கையாக இருக்கிறது.

ஹயாவோ மியாசாகியின் ‘என் பக்கத்து வீட்டு டோடோரோ’ இப்படித்தான் ஆரம்பிக்கிறது. 1988 ஏப்ரல் 16 அன்று ஜப்பானில் வெளியான 86 நிமிட அனிமேஷன் படம். இதில் வில்லன் கிடையாது. சண்டை, துரத்தல், கடைசியில் தீமை தோற்பது எதுவும் கிடையாது. படத்தின் பெயரில் இருக்கும் டோடோரோ என்ற பிராணிகூட, கால்வாசிப் படம் ஓடிய பிறகுதான் முதல் தடவை கண்ணில் படுகிறது. அதுவும் தூங்கிக்கொண்டிருக்கிறது.

கதையைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். 1950களின் ஜப்பான். பள்ளிக்கூடம் போகும் அக்கா சாட்சுகி, 4 வயதுத் தங்கை மேய். அப்பா டோக்கியோவில் பல்கலைக்கழக ஆசிரியர். அம்மா ஆஸ்பத்திரியில். அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் இந்தக் கிராமத்துக்குக் குடி வந்திருக்கிறார்கள். வீட்டின் பின்னால் சிறு காடு. அதன் நடுவே பிரம்மாண்டமான ஒரு கற்பூர மரம், சுற்றிலும் புனிதக் கயிறு கட்டப்பட்டிருக்கிறது. அடியில் ஒரு குட்டிக் கோயில். அரச மரத்தடிப் பிள்ளையாரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஒரு பகல் பொழுது. அக்கா பள்ளிக்கூடத்தில், அப்பா மேஜையில் வேலையில் மூழ்கியிருக்கிறார். தோட்டத்தில் தனியாக விளையாடும் மேய், அடி இல்லாத ஒரு பழைய வாளி வழியாகப் புல்லைப் பார்க்கிறாள். ஏதோ சின்னதாக நடந்து போகிறது. பின்தொடர்கிறாள். புதருக்குள் ஒரு சுரங்கப்பாதை, மரத்தின் வேரடியில் ஒரு பொந்து. உருண்டு போய் விழுந்த இடம் ஒரு பெரிய வயிறு. அந்தப் பிராணி வாயைத் திறந்து உறுமுகிறது. மேய் பயப்படவில்லை. படப் புத்தகத்தில் பார்த்த பூதத்தின் பெயரை மழலையில் ‘டோடோரோ’ என்று சொல்லிப் பெயர் வைத்துவிட்டு, அதன் வயிற்றின் மேலேயே தூங்கிப்போகிறாள்.

எழுந்து பார்த்தால் டோடோரோ இல்லை. திரும்பிப் போகும் வழியும் இல்லை. அக்காவும் அப்பாவும் சிரிக்கிறார்கள். பொய் சொல்லவில்லை என்று குழந்தைக்குக் கோபம் வருகிறது. வேறு எந்தப் படமாக இருந்தாலும் இந்த இடத்தில் ஒரு மோதல் பிறந்திருக்கும், நம்ப மறுக்கும் பெரியவர்கள், நிரூபிக்கப் போராடும் குழந்தை என்று. இங்கே அப்பா செய்வது வேறு. காட்டின் காவலனைப் பார்க்கும் பாக்கியம் உனக்குக் கிடைத்திருக்கிறது, எல்லா நேரமும் கிடைக்காது என்கிறார். பிறகு இருவரையும் கூட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போய், குழந்தையைப் பார்த்துக்கொண்டதற்காக மரத்துக்கு நன்றி சொல்லிக் குனிந்து வணங்குகிறார். அவர் நம்பினாரா என்பது நமக்குத் தெரியாது. ஆனால் மகளை அவமானப்படுத்தவில்லை. படத்தின் அஸ்திவாரம் இந்த ஒரு காட்சிதான்.

உலகம் முழுக்கப் பிரபலமான காட்சி வேறு. இரவு, மழை, கிராமத்து பஸ் நிறுத்தம். குடை எடுத்துக்கொண்டு போகாத அப்பாவுக்காக அக்கா காத்திருக்கிறாள். தங்கை முதுகில் தூங்குகிறாள். பஸ் வருகிறது, அப்பா வரவில்லை. பக்கத்தில் யாரோ வந்து நிற்கும் சத்தம். தலையில் ஒரு இலையை மட்டும் வைத்துக்கொண்டு டோடோரோ. சாட்சுகி அப்பாவின் குடையை நீட்டுகிறாள். குடை என்றால் என்னவென்றே தெரியாத அந்தப் பிராணிக்கு, அதன் மேல் சொட்டும் மழைத்துளியின் சத்தம் பிடித்துப் போகிறது. இன்னும் வேண்டும் என்று ஒரு குதி குதிக்க, மரத்திலிருக்கும் தண்ணீர் முழுக்கக் கொட்டுகிறது. பல நிமிடங்கள் நீளும் இந்தக் காட்சியில் நடப்பது இவ்வளவுதான். ஜோ ஹிசாய்ஷியின் இசைகூட பெரும்பாலும் ஒதுங்கி நின்று மழைக்கு வழி விடுகிறது.

இத்தனை அமைதிக்கும் அடியில் ஒரு பயம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அம்மாவுக்கு என்ன வியாதி என்று படம் சொல்வதில்லை. ஆனால் மியாசாகியின் சிறு வயதில் அவருடைய அம்மா முதுகெலும்புக் காசநோயால் பல ஆண்டுகள் படுத்த படுக்கையாக இருந்தார். காலையில் எழுந்து மூன்று பேருக்கும் மதியச் சாப்பாடு கட்டும் சாட்சுகிக்குள் அந்தப் பையன் இருக்கிறான். ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி வருகிறது. வார இறுதியில் வருவதாக இருந்த அம்மா வரப்போவதில்லை. அதுவரை பெரிய மனுஷியாக நடந்துகொண்ட அக்கா, பக்கத்து வீட்டுப் பாட்டியின் முன்னால் உடைந்து அழுகிறாள். அம்மா செத்துப்போய்விட்டால் என்ன செய்வது என்று வாய்விட்டுக் கேட்டுவிடுகிறாள்.

குழந்தைகள் படத்தில் இந்தக் கேள்வியை வைக்கத் துணிச்சல் வேண்டும். மியாசாகி அதற்குப் பொய்யான பதில் எதையும் தரவில்லை. அக்கா அழுவதைப் பார்த்த மேய், பாட்டி தோட்டத்தில் பறித்த சோளக்கதிரை நெஞ்சோடு அணைத்தபடி, ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகக் கிளம்பி வழி தவறுகிறாள். ஊரே தேடுகிறது. குளத்தில் ஒரு சின்னச் செருப்பு மிதக்கிறது. பாட்டி ஜெபமாலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். அந்தச் செருப்பு மேயுடையது இல்லை என்று சாட்சுகி சொல்லும் வரை, பார்ப்பவர்களுக்கும் மூச்சு வருவதில்லை. அதன் பிறகுதான் டோடோரோ வருகிறது, பூனை உருவத்தில் ஒரு பஸ் வருகிறது. அந்தப் பிராணி அம்மாவின் நோயைக் குணப்படுத்துவதில்லை. தங்கையைக் கண்டுபிடிக்க உதவுகிறது, அவ்வளவுதான்.

இந்தப் படம் பிறந்த விதமும் கவனிக்க வேண்டியது. கிராமம், பூதம், இரண்டு சிறுமிகள் என்ற கதைக்குப் பணம் போட யாரும் தயாராக இல்லை. முதல் முயற்சியில் நிராகரிக்கப்பட்ட திட்டம், இன்னொரு படத்துடன் ஜோடி சேர்ந்த பிறகே உயிர் பிழைத்தது. அந்த இன்னொரு படம் இசாவோ தகாஹதாவின் ‘மின்மினிகளின் கல்லறை’. இரண்டும் ஒரே நாளில், ஒரே டிக்கெட்டில் திரையிடப்பட்டன.

தகாஹதாவின் படம் 1945இல் கோபே நகரத்தில் நடக்கிறது. அங்கேயும் அம்மாவைப் பிரிந்த இரண்டு குழந்தைகள். 14 வயது அண்ணன், மேய் வயதிலேயே, அதாவது 4 வயதில், ஒரு தங்கை. குண்டுவீச்சில் அம்மா இறந்துபோகிறாள். உறவுக்காரி வீட்டில் சாப்பாட்டுக்குக் கணக்குப் பார்க்கிறார்கள். அண்ணனும் தங்கையும் வெளியேறி, ஊருக்கு ஒதுக்குப்புறமான பதுங்கு குழியில் தங்குகிறார்கள். மின்மினிகளைப் பிடித்து விளக்காக்குகிறார்கள். தங்கை பட்டினியால் இறக்கிறாள். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்த ஜப்பானியக் குடும்பங்களின் நிலைமையைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

விநியோக நிர்ப்பந்தத்தால் அமைந்த இந்த ஜோடி, இன்று யோசித்துப் பார்த்தால் ஒரு உண்மையைச் சொல்கிறது. வியப்பதற்கான மனசு இரண்டு சிறுமிகளுக்கும் ஒன்றுதான். மின்மினியைப் பார்த்து விரியும் கண்ணுக்கும், டோடோரோவைப் பார்த்து விரியும் கண்ணுக்கும் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் சுற்றி நிற்கும் பெரியவர்களில் இருக்கிறது. மேய்க்கு ஒரு பாட்டி இருக்கிறாள். பேசக் கூச்சப்பட்டு, கிழிந்த குடையைச் சாட்சுகியின் கையில் திணித்துவிட்டு மழையில் ஓடும் கான்டா என்ற பையன் இருக்கிறான். டெலிபோன் பேச இடம் கொடுக்கும் ஒரு வீடு இருக்கிறது. குழந்தை காணவில்லை என்றால் வயல் வேலையைப் போட்டுவிட்டுக் குளத்தில் இறங்கும் ஊர் இருக்கிறது. குழந்தைப் பருவத்தின் அதிசயம் தானாக முளைப்பதில்லை, யாராவது காவல் இருந்தால்தான் முளைக்கிறது என்பது இரண்டு படங்களையும் சேர்த்துப் பார்த்தால் விளங்குகிறது.

பின்னாளில் ஜப்பானில் ஒரு வதந்தி கிளம்பியது. டோடோரோ உண்மையில் மரண தேவதை, மேய் குளத்தில் மூழ்கி இறந்துவிட்டாள், கடைசிக் காட்சிகளில் குழந்தைகளுக்கு நிழல் இல்லை என்றெல்லாம். படத்தைத் தயாரித்த ஸ்டூடியோ ஜிப்லி 2007இல் இதை மறுத்தது. படத்தின் இறுதிப் பெயர்ப் பட்டியலில் அம்மா வீடு திரும்புவதைக் காட்டும் ஓவியங்களே வதந்திக்குப் போதுமான பதில். ஆனாலும் அது பரவியதற்குக் காரணம் இருக்கிறது. கள்ளம் இல்லாத ஒரு படத்தைப் பெரியவர்களால் அப்படியே ஏற்றுக்கொள்ள முடிவதில்லை, உள்ளே ஒரு பிணத்தைத் தேடுகிறார்கள்.

கதை நடக்கும் ஊர் முழுக்கக் கற்பனை இல்லை. டோக்கியோவை ஒட்டியுள்ள சயாமா குன்றுகளும், மியாசாகி வசிக்கும் டோகோரோசாவா பகுதியும்தான் மூலம். விறகுக்கும் தழை உரத்துக்கும் கிராமத்தார் பராமரித்து வந்த குன்றுக் காடுகளை ஜப்பானியர்கள் ‘சதோயாமா’ என்கிறார்கள். மனிதன் போய் வரும் காடு, மனிதனால் பிழைத்த காடு. சமையல் எரிவாயுவும் ரசாயன உரமும் வந்த பிறகு அதன் உபயோகம் போயிற்று. தலைநகரம் வீங்கியபோது மனைக்கட்டுகளாக மாறத் தொடங்கியது. மரம் மரமாக, இலை இலையாகப் பின்னணி ஓவியங்களைத் தீட்டிய கலை இயக்குநர் கசுவோ ஓகாவின் குழு, மறைந்துகொண்டிருந்த ஒன்றைத்தான் பதிவு செய்தது.

இங்கே ஒரு நல்ல விஷயம் நடந்தது. குன்றுகளைக் காப்பாற்ற நினைத்த உள்ளூர் ஆட்கள் டோடோரோவின் பெயரில் நிதி திரட்டினார்கள். 1991இல் முதல் துண்டு நிலத்தை வாங்கி, ‘டோடோரோ காடு எண் 1’ என்று பெயரிட்டார்கள். இன்று இப்படி வாங்கப்பட்ட காடுகள் ஐம்பதைத் தாண்டிவிட்டன. எல்லாம் சின்னச் சின்னத் துண்டுகள்தான். ஆனால் ஒரு கார்ட்டூன் பிராணி நிஜமான மரங்களைக் காப்பாற்றியிருக்கிறது என்று சொல்ல முடிகிற படங்கள் அதிகம் இல்லை.

படத்தின் மேல் வைக்கக்கூடிய ஒரு நியாயமான குறை உண்டு. இது நகரத்திலிருந்து வந்த, படித்த குடும்பத்தின் கண் வழியாகத் தெரியும் கிராமம். நாற்று நடுகிறவர்கள் பின்னணியில் குனிந்தபடி இருக்கிறார்கள். அவர்கள் முதுகு வலி கதைக்குள் வருவதில்லை. பள்ளிக்கூடம் முடிந்ததும் வயலுக்குப் போகும் பையனுக்கு டோடோரோ தெரியுமா என்று படம் கேட்பதில்லை. கிராமத்தை விட்டு வந்தவர்களுக்கே கிராமம் இனிக்கும் என்பது இந்தியாவின் எந்த நகரத்தில் வாழும் தமிழருக்கும் தெரிந்த சங்கதி. மியாசாகியின் நேர்மை, அந்த இனிப்பின் நடுவில் ஆஸ்பத்திரிக் கட்டிலை மறக்காமல் வைத்ததில் இருக்கிறது.

இந்திய வீடுகளுக்கு ஜப்பானிய அனிமேஷன் புதிதல்ல. 1990களில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தூர்தர்ஷனில் இந்தி பேசிய மௌக்ளியை உருவாக்கியது நிப்பான் அனிமேஷன் நிறுவனம். அதே நிறுவனத்தில்தான் மியாசாகி 1978இல் ‘எதிர்காலச் சிறுவன் கோனன்’ தொடரை இயக்கினார். டோடோரோ மட்டும் இங்கே தாமதமாகத்தான் வந்தது. 2020 பிப்ரவரியில் நெட்ஃப்ளிக்ஸ் மூலம் ஜிப்லி படங்கள் இந்தியாவுக்குக் கிடைத்தபோது, முதல் தடவை பார்த்த அப்பா அம்மாக்களும் உண்டு.

1988இல் வசூல் சுமாராகத்தான் இருந்தது. ஆனால் ‘கினேமா ஜும்போ’ என்ற மதிப்புமிக்க சினிமாப் பத்திரிகை அந்த ஆண்டின் சிறந்த ஜப்பானியப் படமாக இதைத் தேர்ந்தெடுத்தது. அகிரா குரோசாவா தனக்குப் பிடித்த 100 படங்களில் இதையும் சேர்த்தார். தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பிறகு வீட்டுக்கு வீடு தெரிந்த முகமாயிற்று. பஞ்சு பொம்மைகள் விற்று ஸ்டூடியோவின் கணக்கை நேராக்கின. டோடோரோ அந்த ஸ்டூடியோவின் சின்னமாகவே ஆகிவிட்டது. 2022இல் லண்டனில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி இதை நாடகமாக்கியது.

இந்தப் புகழில் மியாசாகிக்கு ஒரு சங்கடம் உண்டு. தங்கள் குழந்தை டோடோரோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறது என்று பெருமையாகச் சொல்லும் பெற்றோர்கள் அவரைக் கவலைப்பட வைத்தார்கள். எப்போதாவது ஒரு தடவை பார்த்தால் போதும், மற்ற நேரம் குழந்தை வெளியே போய் விதை பொறுக்கட்டும் என்பது அவர் கருத்தின் சாரம். தன் படத்தைக் குறைவாகப் பார்க்கச் சொல்லும் டைரக்டர் அபூர்வம்தான். ஆனால் பத்தாவது மாடியில் இருக்கும் குழந்தை விதை பொறுக்க எங்கே போகும், மண்ணைக் கையில் அப்பிக்கொண்டு வந்தால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்ற கேள்விகளுக்கு அவர் பொறுப்பில்லை. அந்த வேலையை அவர் அப்பாக்களிடமும் பாட்டிகளிடமும் பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் விட்டிருக்கிறார்.