புள்ளி போட்ட மண்

அக்காவும் அத்தானும் பந்திங் பக்கம் ஒரு நிலம் பார்த்தார்கள். நல்ல வெயில் காலம். தரை காய்ந்து வெடித்துக் கிடந்தது. “தண்ணீரே நிற்காத இடம்” என்றார் நிலத்தைக் காட்ட வந்தவர். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அப்பா மட்டும் எதுவும் பேசவில்லை. தோட்டத்தில் பல வருடம் கான் வெட்டியவர் அவர். பக்கத்து வீட்டில் ஒரு மண்வெட்டி வாங்கி, இடுப்பளவு குழி தோண்டினார். மேலே பழுப்பு மண். அதற்குக் கீழே சாம்பல் நிறக் களிமண்ணில் செம்மஞ்சளாகப் புள்ளிகளும் கோடுகளும். புள்ளி தொடங்கிய இடத்தில் விரலை வைத்து, “தண்ணி இதுவரைக்கும் வரும்” என்றார். குழியிலோ ஒரு சொட்டு நீர் இல்லை!

ஊடகவியல் பட்டம் இதற்கெல்லாம் உதவாது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அப்பா சொன்னது அறிவியல்தான்.

மண்ணுக்குச் சிவப்பும் மஞ்சளும் தருவது இரும்பு, அதாவது துரு. மண்ணில் நீர் நிறைந்து நின்றால் உள்ளே காற்றுக்கு இடமில்லை. இருக்கும் ஆக்சிஜனை நுண்ணுயிரிகள் தீர்த்துவிடும். அப்புறம் அவை துருவின் மீது கை வைக்கும். இரும்பு நீரில் கரைந்து நகர்ந்துவிட, மண் வெளுத்துச் சாம்பலாகும். வெயில் காலத்தில் நீர் இறங்கும்போது, வேர் போன வழியிலும் வெடிப்பிலும் காற்று நுழையும். கரைந்த இரும்பு அங்கே மறுபடி துருவாகப் படியும். வருடா வருடம் நீர் ஏறி இறங்க, கோலத்தில் புள்ளி வைத்ததுபோல் மண்ணில் புள்ளிகள் நிலைத்துவிடும். எப்போதும் நீரில் ஊறிய ஆழத்தில் புள்ளி இருக்காது. வெறும் சாம்பல், சில இடங்களில் நீலச் சாயல்.

செகிஞ்சான் பக்கம் போனால் சேற்றிலிருந்து ஒரு நெற்பயிரைப் பிடுங்கிப் பாருங்கள். பல வேர்களில் துரு பூசியிருக்கும். இலை வாங்கிய காற்றைப் பயிர் வேருக்கு அனுப்புகிறது. அது கசியும் இடத்தில் இரும்பு படிகிறது.

இதே ஈரமும் காய்ச்சலும் நெடுங்காலம் மாறி மாறி நடந்து, இரும்பும் நிறையச் சேர்ந்தால், அந்த மண் வெட்டி எடுத்துக் காயவைத்ததும் கல்லாக இறுகும். அதுதான் செம்புறைக்கல். மலபாரில் மக்கள் அதைச் செங்கல்போல் வெட்டிக் கட்டுவதைப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன், 1807இல் வெளிவந்த தம் நூலில் அதற்கு லேட்டரைட் என்று பெயர் வைத்தார். மலாக்கா கோட்டைக்குப் போனால் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்கலாம்.

ஒன்றை மறக்கக்கூடாது. 2021 டிசம்பரில் ஷா ஆலாமும் கிள்ளானும் மூழ்கினவே, அதுபோல் திடீரென்று வந்து வடியும் வெள்ளம் இப்படிப் புள்ளி வைக்காது. நாள்கணக்கில், வாரக்கணக்கில் மண்ணுக்குள் நிற்கும் நீரைத்தான் புள்ளி காட்டும். புதிதாக வடிகால் வெட்டி நீர் இறங்கிப்போன இடத்திலும் பழைய புள்ளி உடனே அழியாது. அதனால் புள்ளியைப் பார்த்தால் அக்கம்பக்கத்திலும் விசாரிக்க வேண்டும்.

அப்பா விசாரித்தார். மண்வெட்டி கொடுத்த பெரியவர் தம் வீட்டுச் சுவரைக் காட்டினார். முழங்கால் உயரத்துக்குச் சாயம் உரிந்திருந்தது.

அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. எட்டு வருடச் சேமிப்பு. “அப்போ வேணாமாப்பா?” என்றாள்.

“வேணாம்னு சொல்லல. மாப்பிள்ளை, நவம்பர் மழையில ஒரு தடவை வந்து பாருங்க. வாங்கினாலும் மண்ணை மேடாக்கிக் கட்டுங்க. முன்பணம் இப்போ வேண்டாம்.”

ஒவ்வொரு மழைக்காலமும் வானொலியில் வெள்ளச் செய்தி வாசிக்கிறேன். வாசித்து முடித்ததும் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன். இந்த நவம்பரில், வேலை முடிந்ததும் நானும் பந்திங் போகிறேன். அப்பா விரல் வைத்த இடத்தைப் பார்க்க வேண்டும்.