இலுப்பை மரத்தில் வௌவால் கூட்டம்: வெட்டலாமா, விரட்டலாமா?

கேள்வி: ''எங்கள் ஊர்க் குளக்கரையில் இரண்டு பழைய இலுப்பை மரங்கள் நிற்கின்றன. மூன்று வருடமாக நூற்றுக்கணக்கான பழந்தின்னி வௌவால்கள் அவற்றில் தங்குகின்றன. பக்கத்தில் இருக்கும் என் 60 சென்ட் கொய்யாவில் பாதிப் பழம் வீணாகிறது. மரத்தை வெட்ட வேண்டும் என்று நாங்கள் சிலர் சொல்கிறோம். பெரியவர்கள் கூடாது என்கிறார்கள். நிபா பயமும் இருக்கிறது. என்ன செய்வது?''

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், நாகப்பட்டினம் மாவட்டம்.

பதில்: கோடரியை எடுக்கும் முன், அவை ஏன் அங்கே வந்தன என்று பார்க்க வேண்டும். வௌவால் கண்ட மரத்தில் எல்லாம் தொங்காது. இடம் பார்த்துத்தான் குடியேறும்.

முதலில் உயரம். பழந்தின்னி வௌவாலின் விரித்த இறக்கை ஒரு மீட்டருக்கும் அதிகம். தரையிலிருந்து எழும்பிப் பறப்பது அதற்குச் சிரமம். கிளையை விட்டுக் கீழே இறங்கித்தான் காற்றைப் பிடிக்கும். அதனால் ஆல், அரசு, இலுப்பை, புளி, மருது போன்ற ஓங்கிய மரங்களையே தேடுகிறது.

அடுத்தது வெப்பமும் தண்ணீரும். பகல் முழுக்க வெட்டவெளியில் தொங்கும் இனம் இது. வெயில் ஏறினால் இறக்கையை விசிறி போல வீசிக்கொள்ளும், உடம்பை நக்கி ஈரமாக்கும். வெப்பம் 42 டிகிரியைத் தாண்டிய நாட்களில் ஆஸ்திரேலியாவில் இதன் உறவினங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்து இறந்திருக்கின்றன. ஆகவேதான் குளக்கரை நிழல். பறந்தபடியே வயிற்றை நீரில் தோய்த்து, பிறகு தொங்கிக்கொண்டு ரோமத்தை நக்கித் தாகம் தீர்க்கும்.

கடைசியாக, ஆள் தொந்தரவு இல்லாத அமைதி. இவை எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும் இடங்கள் குறைந்து வருகின்றன. சாலையை அகலப்படுத்தும்போது சாய்த்த மரங்களும் வற்றிப்போன குளங்களும் எத்தனையோ. அங்கிருந்த கூட்டம் மிச்சமிருக்கும் மரத்துக்குத்தான் வரும்.

கோயில் மண்டபத்திலும் பாழடைந்த வீட்டிலும் இருக்கும் சிறிய வௌவால்கள் வேறு. இருட்டு, ஈரப்பதம், அதிகம் மாறாத வெப்பம் ஆகியவை அவற்றுக்கு வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை அந்துப்பூச்சி, வண்டுகளைத் தின்பவை. பழத்தைத் தொடுவதில்லை. அவற்றைப் புகை போட்டு விரட்டுவது வயலுக்குத்தான் நஷ்டம்.

இனி கொய்யாவுக்கு வருவோம். பழந்தின்னி ஒரே இரவில் பல கிலோமீட்டர் பறந்து இரை தேடும். மரத்தை வெட்டினால் கூட்டம் பக்கத்து ஊருக்குப் போகும். இரவில் அங்கிருந்தும் இதே கொய்யாவுக்கு வரும். மரம் போனதுதான் மிச்சம். எனவே காப்பாற்ற வேண்டியது பழத்தை.

* காய் எலுமிச்சை அளவு வந்ததும் உறை போடலாம்.

* நிறம் மாறத் தொடங்கியதுமே அறுவடை செய்யுங்கள். மரத்திலேயே பழுக்க விட்டால் வாசனைக்கு வௌவால் வரும்.

* வலை கட்டினால் கண்ணி சிறியதாக, விரல் நுழையாத அளவில் இருக்கட்டும். தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். அகலக் கண்ணி நைலான் வலையில் வௌவாலும் ஆந்தையும் சிக்கிச் சாகும்.

* மின்வேலிக் கம்பி வேண்டவே வேண்டாம். மனித உயிரும் போகும்.

நிபா விஷயத்தில் பயத்தைவிடக் கவனம் முக்கியம். கடித்த பழத்தை மனிதர்களும் சாப்பிடக் கூடாது, ஆடு மாடுகளுக்கும் போடக் கூடாது. நல்ல பழத்தையும் கழுவித் தோல் சீவிச் சாப்பிடுங்கள். பதநீர்க் கலயத்தை மூடிக் கட்டுங்கள். கீழே விழுந்த வௌவாலை வெறுங்கையால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். குழந்தைகளிடமும் சொல்லி வையுங்கள்.

சட்டத்தையும் கவனியுங்கள். முன்பு இது தீங்குயிர்ப் பட்டியலில் இருந்தது. 2022-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது அந்தப் பட்டியலே நீக்கப்பட்டது. குளக்கரைப் புறம்போக்கு மரத்தை ஊர் கூடி முடிவெடுத்தாலும் அனுமதியின்றி வெட்ட முடியாது. வெடி போடுவதும் தவறு. ஆண்டுக்கு ஒரே குட்டிதான் போடும். தாயின் மார்பைப் பற்றியிருக்கும் குட்டி, பதறிப் பறக்கும்போது விழுந்துவிடும்.

பெரியவர்கள் தடுப்பதில் நியாயம் இருக்கிறது. இலுப்பைப் பழத்தைத் தின்று கொட்டையைத் தூரத்தில் போட்டு, புதிய கன்று முளைக்கச் செய்வதும் இதே வௌவால்தான். இந்தப் பருவத்தில் நான்கு வரிசைக்காவது உறை போட்டுப் பாருங்கள். பழம் கைக்கு வந்தால் மரத்தைப் பற்றிய சண்டை தானாக அடங்கும்.