திருத்தப்படுவது யாருக்கு இழைத்த தவறு?

"வரலாற்றுத் தவறைத் திருத்துகிறோம்" என்னும் சொற்றொடரைச் சங் பரிவாரம் தன் குத்தகைச் சொத்தாக்கி நெடுங்காலமாகிறது. 1992 டிசம்பர் 6இல் பாபர் மசூதியை இடித்ததற்கும் அதுவே நியாயம்; வாரணாசி, மதுரா, சம்பல் எனப் பட்டியலை நீட்டுவதற்கும் அதுவே நியாயம். நம்மில் சிலரும் இச்சொற்களின் பொருளைக் கேள்விக்குட்படுத்தாமல், ஆதாரம் உண்டா இல்லையா என்ற வாதத்தில் மட்டும் இறங்கிவிடுகிறோம்.

தவறு திருத்தப்பட்டதென்றால், பறிகொடுத்தவர் கைக்குப் பறிபோனது திரும்ப வந்திருக்க வேண்டும். 2024 நவம்பரில் சம்பல் மசூதி ஆய்வு உயிர்ப்பலிகளில் முடிந்தது. அதனால் எந்த ஏழை இந்துவுக்குக் காணி நிலமோ ஒரு நாள் வேலையோ கிடைத்தது? என்றோ ஆண்ட மன்னனின் செயலுக்கு இன்று கூலி வேலை செய்பவரைப் பொறுப்பாக்குவதற்குப் பழிவாங்கல் என்று பெயர். வழிபாட்டிடங்களின் தன்மை 1947 ஆகஸ்ட் 15இல் இருந்தபடியே நீடிக்க வேண்டும் என்று 1991ஆம் ஆண்டுச் சட்டம் கோடு கிழித்தது இதனால்தான். (அயோத்தி அதற்கு விலக்கு.) வரலாற்றுத் தவறுகளை மக்கள் சட்டத்தைக் கையிலெடுத்துத் திருத்த முடியாது என்று 2019 அயோத்தித் தீர்ப்பும் கூறியது. கூறிவிட்டு இடத்தை யாருக்கு அளித்தது என்பதைத் தோழர்கள் அறிவார்கள்.

நாடாளுமன்றமே 'வரலாற்று அநீதி' என்று எழுதி ஒப்புக்கொண்ட இடம் ஒன்றுண்டு: 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் முகவுரை. காலனி ஆட்சியிலும் சுதந்திர இந்தியாவிலும் காடுகளை அரசு தன்வயமாக்கியபோது, மூதாதையர் நிலத்தின்மீது ஆதிவாசிகளுக்கிருந்த உரிமை அங்கீகரிக்கப்படவில்லை என்கிறது அது. இச்சட்டத்தின் முதல் மசோதா 1980 அக்டோபர் 25ஐத் தகுதி நாளாக வைத்தது. பழங்குடியல்லாத வனவாசிகளை விட்டுவிட்டது. இடதுசாரிகளும் ஆதிவாசி இயக்கங்களும் விடாமல் போராடியதால் அந்த நாள் 2005 டிசம்பர் 13 ஆனது. மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டுகளாக, வனத்தை நம்பி வாழும் பிறரும் சேர்க்கப்பட்டனர். இங்கே அநீதிக்குள்ளானவர் உயிரோடிருக்கிறார். அவர் உழும் நிலம் கண்முன் கிடக்கிறது. பட்டா அவர் பெயருக்கு வருகிறது.

இந்தத் திருத்தத்திற்கு பாஜக அரசு செய்ததென்ன? மனு நிராகரிக்கப்பட்ட லட்சக்கணக்கான குடும்பங்களை வெளியேற்ற 2019 பிப்ரவரி 13இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. தன் சட்டத்தைக் காத்து வாதிட வேண்டிய ஒன்றிய அரசு கடமை தவறியது. நாடெங்கும் எதிர்ப்பு வெடித்த பிறகே அது நீதிமன்றத்தை அணுக, 28ஆம் தேதி ஆணை நிறுத்திவைக்கப்பட்டது. 2022 வனப் பாதுகாப்பு விதிகளோ, காட்டை நிறுவனங்களுக்குத் தரும் முன் கிராம சபையின் ஒப்புதலை உறுதிசெய்யும் பொறுப்பிலிருந்து ஒன்றிய அரசையே விடுவித்தன. பழங்குடியினருக்கான தேசிய ஆணையமே ஆட்சேபித்தது.

மசூதிகளுக்கு அடியில் தோண்டத் துடிப்போர், கிராம சபை பரிந்துரைத்தும் மேல்மட்டக் குழுக்களில் புதைக்கப்பட்ட பட்டா மனுக்களை முதலில் தோண்டி எடுக்கட்டும்.