உரத்திற்கு நிலக்கரி: இடர் பொதுத்துறைக்கு, இலாபம் யாருக்கு?

நிலக்கரி என்றதும் அனல்மின் நிலையமும் உருக்காலையுமே நினைவுக்கு வரும். இனி ரசாயனத் தொழிலையும் அந்த வரிசையில் சேர்க்க ஒன்றிய அரசு முனைந்துள்ளது. நிலக்கரியை வாயுவாக்கி, அதிலிருந்து யூரியா, மெத்தனால் போன்றவற்றைத் தயாரிப்பதே திட்டம். 2030க்குள் ஆண்டுக்கு 10 கோடி டன் நிலக்கரியை வாயுவாக்குவது இலக்கு. இதற்கென ரூ.8,500 கோடி ஊக்கத்தொகைக்கு 2024 ஜனவரியில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

இதன் தேவையை நாம் மறுக்கவில்லை. நமது யூரியா ஆலைகள் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவையே நம்பியுள்ளன. அதில் பெரும்பங்கு இறக்குமதியாகிறது. 2022இல் உக்ரைன் போரின்போது எரிவாயு விலை உயர்ந்து, உர மானியச் சுமை பெருகியதைக் கண்டோம். சீனமோ தன் யூரியாவைப் பெருமளவு நிலக்கரியிலிருந்தே பெறுகிறது.

மும்பைத் தமிழர்க்கு இது தொலைதூரச் செய்தியன்று. செம்பூரில் ஆலை நடத்தும் ஆர்.சி.எஃப். நிறுவனம், கெயில், கோல் இந்தியா முதலிய பொதுத்துறை நிறுவனங்களுடன் இணைந்து, ஒடிசாவின் தால்ச்சரில் ஆண்டுக்கு 12.7 லட்சம் டன் யூரியா தரும் ஆலையை அமைக்கிறது. 2018 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஐந்தாண்டு கடந்தும் பணி முடியவில்லை. நமது நிலக்கரியில் சாம்பல் மிகுதியாதலால் வாயுவாக்கம் எளிதன்று. தால்ச்சரில் முன்பு இயங்கிய நிலக்கரி உர ஆலையும், நெய்வேலியின் உர ஆலையும் மூடப்பட்டவையே. இவ்வளவு இடரையும் ஏற்று முன்செல்வது பொதுத்துறைதான்.

ஆனால், ஊக்கத்தொகையில் ரூ.3,850 கோடி தனியாரும் பங்கேற்கும் பிரிவுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. நிலக்கரிச் சுரங்கங்கள் 2020 முதல் வணிக ஏலத்திற்கு விடப்படுகின்றன. ஆர்.சி.எஃப். பங்குகளில் மேலும் 10 விழுக்காட்டை விற்கும் நடவடிக்கை 2021இல் தொடங்கப்பட்டது. பாதையமைப்பது பொதுத்துறை, பயனடைவது பெருமுதலாளிகள் என்பதே இதன் பொருள்.

அதேவேளையில், பொதுத்துறை என்பதற்காக மாசைப் பொறுத்துக்கொள்ளவும் இயலாது. செம்பூரை அடுத்த மாகுலில் காற்றைக் கெடுத்ததற்காக, 2020 ஆகஸ்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 4 நிறுவனங்களுக்கு ரூ.286 கோடி இழப்பீடு விதித்தது. அவற்றுள் இரண்டு பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள். நிலக்கரிவழி யூரியா, எரிவாயுவழி யூரியாவைவிட மிகுதியான கரியமிலவாயுவை வெளியிடும். தால்ச்சர் வட்டாரமோ 2009இலேயே கடும் மாசுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை: சுரங்கமும் உர ஆலையும் பொதுவுடைமையாக நீடிக்க வேண்டும், ஆர்.சி.எஃப். பங்கு விற்பனை கைவிடப்பட வேண்டும். புதிய ஆலைகளில் ஒப்பந்தக் கூலிமுறைக்கு மாறாக நிரந்தரப் பணி வேண்டும். கழிவுநீர், காற்று அளவீடுகள் அப்பகுதி மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். உழவர்க்கு உரமும், தொழிலாளர்க்கு வேலையும், அருகில் வாழ்வோர்க்குத் தூய காற்றும் ஒன்றுக்கொன்று பகையல்ல. மூன்றையும் ஒருசேர வலியுறுத்துவது தொழிற்சங்க இயக்கத்தின் கடமை.